ஏலத்தில் வந்தது

சோணைக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் அசைக்க முடியாத பக்தி. ஒன்று மதுரை மீனாட்சி. மற்றொன்று மத்தியானச் சாப்பாடு. அந்த இரண்டாவது பக்தி, போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி கண்ணுச்சாமியின் வீட்டுக் கூடத்தில், தலைவாழை இலைக்கு எதிரே, அன்றைக்கு முதல்முறையாக ஆட்டம் கண்டது.

இலைக்குக் குறைவில்லை, அதில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். சோறும் மல்லிகைப் பூப்போலத்தான் இருந்தது. ஆனால் சாம்பார், சீக்காளி எழுந்து உட்கார்ந்த மாதிரி வெளிறிப் போயிருந்தது. ரசத்தில் கடுகு இல்லை, வற்றல் இல்லை. அப்பளம் என்கிற பேச்சே இல்லை. மாடி வீடு கட்டிய மனிதரின் சமையலறையிலிருந்து எண்ணெய் காய்கிற வாசனைகூட வரவில்லை.

"அண்ணே," என்று பக்கத்து இலைப் பக்கம் சாய்ந்தான் சோணை. "இந்த ரசத்துல கடுகு காணாமப் போயிருக்கு. வந்த கேசோட சேத்து இதையும் கவனிக்கலாமா?"

துப்பறிவாளர் அழகுமலை சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். ஒல்லியான உடம்பு, கதர்ச் சட்டை, நெற்றியில் கலையாத திருநீறு. முதல்முறை பார்ப்பவர்கள் அவரைக் கோயில் மடப்பள்ளிக் கணக்கர் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்தவர்களில் சிலர் இப்போது மதுரைச் சிறையில் இருக்கிறார்கள்.

"சாப்பிடு, சோணை. கடுகுதானே? நேரம் வந்தா அதுவா வெடிச்சு வெளிய வரும்."

கண்ணுச்சாமி காதில் விழுந்ததுபோல் கனைத்தார். "வீட்ல விரதம். தப்பா நெனைக்காதீக. ஊருக்காக எம் பொண்டாட்டி இருக்கிற விரதம்."

ஊருக்காகத்தான். ஊரில் அம்மை பரவியிருந்தது. ஜீப் டிரைவர் ராக்கையா, ஏலக்காய் தரம் பிரிக்கிற மூக்கம்மாள், தரகர் பால்பாண்டி என்று மூன்று பேர் படுத்துவிட்டார்கள். பால்பாண்டிக்கு ஒரு கண் போய்விட்டது. பயம் வந்ததும் ஊர் செய்கிற முதல் காரியத்தைப் போடியும் செய்தது: ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி செய்கிற முதல் காரியத்தை அந்தக் கமிட்டியும் செய்தது: கேட்பாரில்லாத ஆள் ஒருத்தரைத் தேடிப் பிடித்தது. கமிட்டித் தலைவர் கண்ணுச்சாமி. பிடிபட்டவள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற பெரியம்மாள்.

"எல்லாம் கோத்த சங்கிலி மாதிரி இருக்குங்க," என்று விரல்விட்டு விளக்கினார் கண்ணுச்சாமி. "அவ ராக்கையா ஜீப்புலதான் மூட்டையோட எறங்குனா. மூட்டை மூக்கம்மா கைக்குப் போச்சு. அங்கேருந்து தரகர் பால்பாண்டி கைக்குப் போச்சு. மூணு பேரும் படுத்தாச்சு. போதாததுக்கு, அவ மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இதுக்கு மேல நான் எதுக்குன்னுதான் யோசிக்கிறேன்," என்றார் அழகுமலை.

"தோட்டத்துக் கங்காணி மல்லுக்கு நிக்கிறாருங்க. மதுரையில இருந்து துப்பறிவாளரே வந்து பாத்துச் சொல்லிட்டாருன்னா வாய் அடைஞ்சிரும். சாயங்காலம் அவளை ஜீப்புல ஏத்தி, ஊருக்கு வெளிய சீக்காளிகளப் போட்டிருக்கிற தகரக் கொட்டகையில விட்டுருவோம்."

"அவகிட்ட கைப்பிள்ள இருக்குன்னு கேள்வி."

"தாயை விட்டு இருக்காதுங்களே. அதுவும் கூடத்தான் போகும்."

"பிள்ளைக்கு அம்மை குத்தியிருக்கா?"

"மலையில ஆரு குத்துறா?" என்று மோர் ஊற்றச் சொன்னார் கண்ணுச்சாமி.

சோணைக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. தாளிக்காத ரசம் மட்டுமே அதற்குக் காரணமில்லை. அம்மை குத்தாத கைக்குழந்தையை அம்மைக்காரர்கள் நடுவில் கொண்டுபோய்ப் போடுவதை, மோருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் ஒரு மனிதர் சொல்லிவிட்டாரே!

கை கழுவக் கொல்லைக்குப் போனார்கள். கிணற்றடியில் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. உச்சியில் பச்சைப் பசேலென்று இருந்த மரம், ஆள் கைக்கும் துரட்டிக்கும் எட்டுகிற உயரம் வரை ஒரு இலை இல்லாமல் நின்றது.

"அண்ணே, இந்த மரம் பழனிக்குப் போய்ட்டு வந்திருக்கு. மொட்டை எறக்கியிருக்காக."

"பாதி மொட்டைதான்," என்றார் அழகுமலை, வாயைக் கொப்பளித்துவிட்டு.

தெருவுக்கு வந்தால், இரண்டு பக்கமும் எல்லா வீட்டு நிலைப்படியிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. நோய் வராமலிருக்க ஊரே கட்டியிருந்தது. கண்ணுச்சாமி வீட்டு வாசலில் மட்டும் மருந்துக்கும் இல்லை. சோணை அதைக் கேட்டும் விட்டான்.

"பயந்தவன் கட்டுறான் தம்பி. எனக்கு அம்மன் மேல நம்பிக்கை," என்று மார்பில் கை வைத்தார் கண்ணுச்சாமி.

*

பெரியம்மாளைப் பூட்டி வைத்திருந்தது கண்ணுச்சாமியின் பழைய சரக்குக் கிட்டங்கியில். உள்ளே சாக்கு வாசனையும் இருட்டும். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முப்பது வயது இருக்கும் அவளுக்கு. முகமெங்கும் மழை விழுந்த மணல்போலக் குழிகள். கண்கள் மட்டும் அழுது முடித்த சுத்தத்தோடு இருந்தன.

"ஒனக்கு எப்ப ஆத்தா அம்மை வந்துச்சு?" என்று எதிரே குந்தினார் அழகுமலை.

"பல்லு விழுந்து மொளைக்கிற வயசுல சாமி."

"அதுக்குப் பெறகு?"

"ஒருக்கா வந்து போன எடத்துக்கு அவ திரும்ப வர மாட்டாளே."

வாசலில் காவலுக்கு நின்ற ஆள் கெக்கலித்தான். "மூஞ்சியே சாட்சி சொல்லுதுங்க!"

"சொல்லுது அப்பு," என்றார் அழகுமலை சாந்தமாக. "ஒருக்கா வந்தவுகளுக்கு மறுபடி வராது. தனக்கே வராத நோயை இவ எங்கேருந்து எடுத்துக் குடுப்பா? அந்த மூஞ்சி இவளுக்குச் சாதகமாத்தான் சாட்சி சொல்லுது. நீங்க காதை மாத்தி வச்சுக் கேட்டிருக்கீக."

காவல்காரன் தன் காதைத் தடவிக்கொண்டான்.

"ராக்கையாவை நீதான் பாத்துக்கிட்டியாமே?"

"காய் எறக்கிட்டு அவுக ஜீப்புலயே திரும்பக் கெளம்புனோம். வழியில காய்ச்சலா நெருப்பா அடிக்கு. குரங்கணியில அவுக வீட்ல கொண்டு படுக்க வச்சோம். சம்சாரமும் ஊர்ல இல்ல. நான் பிள்ளைய வெளிய தொட்டில்ல போட்டுட்டு, அவுக வர்ற வரைக்கும் வெள்ளம் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"வெள்ளமா?" என்று பதறினான் சோணை. "காய்ச்சக்காரனுக்கு எதுக்கு வெள்ளம்? ஆத்துல வந்துச்சா?"

பெரியம்மாள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்திருப்பாள். "தண்ணி சாமி. மலையில மலையாளத்தாக்களோட இருந்து இருந்து, தண்ணியை வெள்ளம்னே சொல்லிப் பழகிப்போச்சு."

"கேட்டியா சோணை? ஒரே சொல்லு மலை ஏறினா அளவு மாறிப் போகுது," என்றார் அழகுமலை. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ராக்கையா காய்ச்சல்ல ஏதாவது பேசினானா?"

அவள் முகம் மறுபடி இருண்டது. "அதைச் சொல்லித்தான் என்னைய இங்க அடைச்சாக. 'ஏலத்துல வந்துச்சு, ஏலத்துல வந்துச்சு'ன்னே பொலம்புனாரு. ஏல மூட்டையோட வந்தவ நான்தானே."

அழகுமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோணைக்கு அந்தத் துடைப்பு தெரியும். அவர் கண்ணாடியில் அழுக்கு இருக்காது. எதிராளி கதையில்தான் இருக்கும்.

"நீ இப்ப 'காய் எறக்கிட்டு'ன்னு சொன்னியே, என்ன காய்?"

"ஏலக்காய்தான். நாங்க வெறுமனே காயின்னுதான் சொல்லுவோம். காய் எடுக்கப் போறோம், காய் உணத்துறோம், காய் லோடு போகுது."

"ராக்கையா?"

"அவுகளும் காயின்னுதான் சொல்லுவாக. ஏலம்னு மலையில ஆரு சொல்லுவா?"

"சோணை, கெளம்பு. குரங்கணிக்கு."

"அண்ணே, காயும் ஏலமும் ஒண்ணுதானே?"

"ஒனக்கும் எனக்கும் ஒண்ணு. காலமெல்லாம் காய் லோடு அடிச்ச டிரைவருக்கு, ஏலம்னா என்ன?"

சோணை வாயைத் திறந்தான். "ஏலம்… ஒரு தரம், ரெண்டு தரம்… அண்ணே! ஏலம் போடுற ஏலம்!"

"காய் ஏலம் விடுற எடத்துக்குள்ள டிரைவரை விட மாட்டாக. அப்ப அவன் எந்த ஏலத்துல எதை எடுத்தான்?"

*

குரங்கணிக்குப் போகிற ஜீப்புப் பாதை, ஏறுகிறவனின் பாவபுண்ணியத்தை இடுப்பில் விசாரிக்கிற பாதை. சோணையின் இடுப்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டது. காப்பித் தோட்டத்து ஓரமாக இருந்த ராக்கையாவின் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அவன் மனைவி, ஊரிலிருந்து திரும்பி வந்தவள், படியிலேயே அவர்களை நிறுத்தினாள்.

"உள்ள வராதீக. அம்மா இருக்கா."

"வரல ஆத்தா. எங்க ரெண்டு பேருக்கும் குத்தியிருக்கு, ஆனாலும் வரல. மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"நேத்துதான் கண்ணு முழிச்சாரு. அந்த அம்மன் சேலைத் துண்டு இருக்கப் போயித்தான் உசுரு தங்கியிருக்கு."

"என்ன சேலை ஆத்தா?"

அவள் பெருமையோடு சொன்னாள். ஊருக்கு மேற்கே புளியந்தோப்பு அம்மன் கோயிலில், வேண்டுதலுக்கு வருகிற சேலைகளை அம்மனுக்குச் சாத்தி, பிறகு ஏலம் விடுவது வழக்கம். எங்கோ பக்கத்து ஊரில் அம்மை என்று கேள்விப்பட்டதும், ராக்கையாவும் பால்பாண்டியும் மூக்கம்மாளும் கூட்டாகச் சேர்ந்து ஒரு பட்டுச் சேலையை ஏலத்தில் எடுத்தார்கள். மூன்றாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. அம்மன் உடுத்திய துணி கூட இருந்தால் அம்மை அண்டாது என்று ராக்கையா தலையில் கட்டிக்கொண்டுதான் ஜீப்பு ஓட்டினான். மூக்கம்மாள் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பால்பாண்டி தலையணைக்கு உறையாகப் போட்டுக்கொண்டார்.

"இந்தா பாருங்க," என்று கொடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சோணை பக்தியோடு கை நீட்டினான். அழகுமலை அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

துணியின் மடிப்பில் தவிடுபோல ஏதோ ஒட்டியிருந்தது. புதுப் பட்டின் விறைப்பு கொஞ்சமும் இல்லை. படியில் நின்றவர்களுக்கே மஞ்சளும் பழைய வேப்பிலையும் மணத்தன. அம்மை இறங்குகிற உடம்பிலிருந்து பொருக்கு உதிரும். அந்தப் பொருக்கு பட்ட துணியை அடுத்தவன் சுற்றிக்கொண்டால், நோய் வழி கேட்காமல் அவன் வீட்டுக்குப் போகும். இதற்குப் படிப்பு வேண்டாம். வண்ணானுக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம் என்று அழகுமலை நினைத்தார்போல. புருஷனைக் காப்பாற்றியதாக அவள் கும்பிடுகிற துணிதான் அவனைப் படுக்க வைத்தது என்று அந்தப் படியில் நின்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஆத்தா, அம்மன் வந்த வேலை முடிஞ்சுது. தன் சேலையைத் திருப்பிக் கேக்குறா. கையில வச்சுக்கிடக் கூடாது. அடுப்புத் தீயில போட்டு அவகிட்டயே சேத்துட்டு, கையைச் சுடுதண்ணியில கழுவிரு. அவர் கட்டியிருந்த துணியை எல்லாம் வேக வை."

அவள் தட்டாமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலே கறுப்புப் புகை எழும்பியது.

"அண்ணே, அம்மன் எப்ப உங்ககிட்ட பேசுனா?"

"எப்பவும் பேசுறவதான். நாமதான் நமக்கு வேணுங்கிறதை அவ பேருல பேசிக்கிடுறோம்."

*

புளியந்தோப்புக் கோயில் பூசாரி அமாவாசை, சேலை கொடுத்தது யார் என்று சொல்ல மறுத்தார். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம்.

"புதுச் சேலையா, பூசாரி?"

"இல்லைங்க. படுக்கையில போத்தியிருந்த மாதிரி கசங்கித்தான் வந்துச்சு. இப்படிச் சாத்தலாமான்னு கேட்டேன். 'பட்டு சாமி, ரெண்டு தரம்தான் கட்டினது'ன்னு சொன்னாரு. சரி, பெரிய எடம்…" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் அமாவாசை. அதற்குப் பிறகு அவர் வாயை அந்த அம்மனே திறந்திருக்க முடியாது.

இறங்கி வருகிற வழியில் முந்தல் கிராமத்துக் குடிசைகளில் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு கூரைக்கு அடியிலிருந்தும் கடுகு வெடிக்கிற வாசனை வந்து சோணையின் வயிற்றைக் கிள்ளியது.

"பாருங்கண்ணே, கூலிக்காரன் வீட்ல கூட தாளிக்கிறாக. அந்தக் கோடீஸ்வரன் வீட்ல ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பஞ்சம். அந்த ரசத்தை நெனச்சா…"

"நல்லா நெனைச்சுப் பாரு. நம்ம ஊர்ல எந்த வீட்ல சோணை தாளிக்க மாட்டாக?"

"விரதம் இருக்கிற வீட்ல."

"விரதத்துக்கு வெங்காயம் கிடையாது, மீன் கிடையாது. கடுகு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப… எண்ணெய் காய வைக்கக் கூடாது, தாளிச்சு நெடி வரக் கூடாதுன்னு…" சோணையின் குரல் ஜீப்போடு சேர்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கியது. "அண்ணே, அது அம்மை போட்ட வீடு!"

"வாசல்ல கட்டாத வேப்பிலை, கொல்லை மரத்துலயும் இல்ல. அப்ப எங்க போச்சு?"

"படுக்கைக்கு!" சோணை தலையில் அடித்துக்கொண்டான். "நான் அங்க மோரு ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேனே!"

"போற வழியில அம்மை குத்துறவர் ஒருத்தரைக் கூட்டிக்கிடணும். ஒனக்கு இல்ல. பயப்படாத."

*

சாயங்கால வெயில் மலை முகட்டில் சரிந்தபோது, கண்ணுச்சாமி வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. கமிட்டிக் காரியதரிசி சோலை, முறுக்கிய மீசையும் நீண்ட மூங்கில் கழியுமாக நின்றார். அந்தக் கழியால் தூரத்திலிருந்தே வழிகாட்டி, பெரியம்மாளையும் பிள்ளையையும் வேறொரு ஜீப்பில் ஏற்றியிருந்தார்.

"வந்துட்டாரு!" என்று கை தட்டினார் கண்ணுச்சாமி. "சொல்லுங்க துப்பறிவாளரே, எப்படி வந்துச்சு?"

"ஏலத்துலதான் வந்துச்சு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. பெரியம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆனா காய் இல்ல. கோயில் ஏலம்," என்று தொடர்ந்தார் அழகுமலை. சேலையைப் பற்றிச் சொன்னார். மூன்று துண்டைப் பற்றிச் சொன்னார். ஆரவாரம் படிப்படியாக முணுமுணுப்பாகி அடங்கியது. "அம்மை போட்ட பிள்ளைக்குப் போத்தின சேலையை, அந்தப் பிள்ளைக்கு எறங்கினதும் ஒரு புண்ணியவான் அம்மனுக்குக் காணிக்கை குடுத்தாரு. ஒரு புதுச் சேலை எடுத்துக் குடுத்திருந்தா பால்பாண்டிக்கு இன்னைக்கு ரெண்டு கண்ணு. பழசுக்குப் பழசும் கழிஞ்சுது, வேண்டுதலும் கழிஞ்சுது. அம்மனுக்குத் தள்ளுபடி விலையில பக்தி!"

"யாரு அது?" என்று கழியை ஓங்கினார் சோலை.

"சொல்றேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரே ஒரு உபகாரம் வேணும்." அழகுமலை, உள்ளே இருந்த கண்ணுச்சாமியின் மனைவிக்குக் கேட்கும்படி, வீட்டு வாசலைப் பார்த்துக் கைகூப்பினார். "ஜக்கம்மா, மத்தியானம் எங்க சோணைக்கு ரசம் ஒட்டல. ஒரு கரண்டி எண்ணெய் காய வச்சு, அதுல நாலு கடுகு வெடிக்கவிட்டுக் கொண்டா தாயி. நாங்க போயிருவோம்."

சிலர் சிரித்தார்கள். கண்ணுச்சாமி சிரிக்கவில்லை. "இதென்ன கூத்து! ஊர்க் காரியத்துல கடுகு எங்க வந்துச்சு? ஏய், கொண்டாந்து குடுத்துத் தொலை!"

நிலைப்படியில் அவர் மனைவி ஜக்கம்மாள் வந்து நின்றாள். வாரப்படாத தலை. உறங்காத கண். கையில் கரண்டி இல்லை.

"என்னால முடியாதுய்யா," என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுக்காரர் சொன்னா ஊருக்கு முன்னால எந்தப் பொய்யும் சொல்லுவேன். தாளிக்க மட்டும் மாட்டேன். உள்ள அம்மா இருக்கா. எம் மக படுத்திருக்கா."

கூட்டம் சட்டென்று நாலு அடி பின்வாங்கியது. மாவு சலிக்கிறபோது சல்லடையில் நடுவில் இடைவெளி விழுமே, அப்படி கண்ணுச்சாமியைச் சுற்றி வெறும் தரை தெரிந்தது.

கல்யாணத்துக்குப் போன இடத்தில் கண்ணுச்சாமியின் மூத்த மகன் வாங்கி வந்த அம்மை அது. அவனுக்கு இறங்கியதும் சேலை கோயிலுக்குப் போனது. இப்போது சின்னவள் சந்திரவல்லி. வெளியே தெரிந்தால் அம்மை வீட்டுக் காய் என்று ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, யாராவது கதவைத் தட்டிப் பார்ப்பதற்குள் வேறொரு கதவைக் காட்டிவிட்டார் கண்ணுச்சாமி.

"அம்மா வீட்டுக்கு வந்திருக்கான்னா அதைத் தெருவுல சொல்லுவாகளா?" என்று கத்தினார் அவர். "தெய்வ காரியம்யா!"

"உங்க வீட்டுக்கு வந்தா அம்மா. அடுத்தவ மடிக்குப் போனா தொத்து," என்றார் அழகுமலை. "ஒரே நோய்க்கு ரெண்டு பேரு வச்சிருக்கீக. அதான் எனக்கு இவ்வளவு நேரம் பிடிச்சுது."

சோணைக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்குள் வேறொரு சத்தம் கேட்டது.

"அந்த வீட்டுப் புள்ளைய ஏத்துங்கடா ஜீப்புல!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "கமிட்டித் தீர்மானம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!" இன்னொரு குரல் சேர்ந்தது. காரியதரிசி சோலை, தலைவரை இதுவரை பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு, கழியைப் பெரியம்மாள் பக்கம் நீட்டினார். "இந்தாம்மா, நீ எறங்கு. ஒன்மேல தப்பில்ல. வெரசா எறங்கு. அந்தப் புள்ளைய ஏத்தணும்."

அழகுமலையின் முகம் வெளுத்தது. ஒரு பெண்ணை இறக்க வந்தவர், ஒரு சிறுமியை ஏற்ற வழி செய்து கொடுத்துவிட்டார். ஜக்கம்மாள் கதவின் இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டாள்.

பெரியம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

"நான் எறங்க மாட்டேண்ணே," என்றாள்.

"என்னது?"

"மத்தியானம் பூரா நான் மாட்டேன் மாட்டேன்னேன். ஏறு ஏறுன்னீக. ஏறிட்டேன். இப்ப எறங்கச் சொன்னா எறங்குறதுக்கு நான் என்ன காய் மூட்டையா? ஜீப்புல எடமில்ல. அந்தப் புள்ள அவ ஆத்தாகிட்டயே கெடக்கட்டும். காய்ச்ச உடம்பைத் தூக்கி இந்த ரோட்டுல உலுக்குனா பாதியிலயே போயிரும். ஒரு ஆளும் அந்த வீட்டுக்குள்ள போகாம, அந்த வீட்டுத் துணி ஒண்ணும் வெளிய வராம பாத்தாப் போதாதா? அதுக்குக் கொட்டகை எதுக்கு? கதவுதான் இருக்கே."

அவளை இழுத்து இறக்க வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். காலையிலிருந்து அவளைத் தொடக்கூடாது என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அங்கே நின்றிருந்தார்கள். சொல்லிக் கொடுத்த பாடம் நன்றாக ஏறியிருந்தது.

ஜக்கம்மாள் விரித்த கையை மெல்லக் குவித்துப் பெரியம்மாளைக் கும்பிட்டாள்.

"வெள்ளம் மட்டும் நெறையக் குடு தாயி," என்றாள் பெரியம்மாள். "கண்ணை ஈரத் துணியால ஒத்தி ஒத்தி எடு. பொருக்கு உதிர்றப்ப பிய்க்க விடாத. நகத்தை வெட்டி விட்டுரு."

கண்ணுச்சாமி தன் வீட்டுப் படியில், தனியாக, உட்கார்ந்துவிட்டார். அவரைப் போலீசில் கொடுப்பதா, கமிட்டியை விட்டு நீக்குவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அழகுமலை. இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

"ஐயா, வாங்க," என்று கூட்டத்தின் ஓரத்தில் தகரப் பெட்டியோடு நின்ற மனிதரை அழைத்தார். அம்மை குத்துகிறவர் ஜீப்பருகே வந்து பெட்டியைத் திறந்தார். "மொதல்ல இந்தப் பிள்ளைக்கு."

குழந்தையின் குட்டிக் கையைப் பெரியம்மாள் நீட்டினாள். ஊசி பட்டதும் அது மலை எதிரொலிக்கக் கத்தியது. அவள் மார்போடு அணைத்து, முதுகில் தட்டி, காதில் ஏதோ சொன்னாள். விசும்பல் இரண்டு, பிறகு அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து ஆராய ஆரம்பித்துவிட்டது.

"அடுத்தது யாருங்க?" என்றார் அம்மை குத்துகிறவர்.

ஊரைக் காக்கக் கூடியிருந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நல்ல இடம் தேடினார்கள். ஒருவருக்குத் திடீரென்று மாடு ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குச் சின்ன வயதிலேயே குத்தியதாக நினைவு. எந்தக் கை என்றுதான் நினைவில்லை. இப்படி எல்லோரும் ஒதுங்க ஒதுங்க, மூங்கில் கழியோடு முன்னால் நின்ற காரியதரிசி சோலை மட்டும் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டார். கழி கீழே விழுந்தது. சட்டைக் கையை மடக்கினார். ஊசியைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் துடித்தது.

பெரியம்மாள் ஜீப்பிலிருந்து தன் வெறுங்கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கிடுங்கண்ணே."

சோலை அந்தக் கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு விரலால் அல்ல, ஐந்து விரலாலும் பற்றிக்கொண்டார்.

"அழுகை வந்தா அழுதுருங்க," என்றாள் பெரியம்மாள். "எம் புள்ள ஒண்ணும் சிரிக்க மாட்டான்."